சாஃப்ரன் வால்டன்: கோட்டையை விடுங்கள், நூலகக் கட்டடத்தைப் பாருங்கள்

மேட்டுத்தெரு எழுதியது:

வணக்கம். போன வாரம் இங்கே ஒருவர், இங்கிலாந்தில் எசெக்ஸ் பக்கத்துச் சின்ன ஊர்களில் பார்க்க என்ன இருக்கிறது, ஒரு சர்ச், நாலு கடை, அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நான் ஆறு வருடமாக சாஃப்ரன் வால்டனில் வாடகை வீட்டில் இருக்கிறேன். பக்கத்திலேயே ஆட்லி எண்ட் மாளிகை இருக்கிறது, ஊருக்குள் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோட்டையின் இடிபாடு இருக்கிறது, வருகிறவர்கள் அந்த இரண்டையும் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது மற்ற கட்டடங்களை. நாங்கள் சாமான் வாங்கவும், புத்தகம் எடுக்கவும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கவும் தினமும் போய் வருகிற கட்டடங்களை.

முதலில் நூலகம். சந்தைச் சதுக்கத்தில், முகப்பில் பெரிய தூண்களோடு நிற்கிறது. முதல் தடவை போனபோது ஏதோ கோர்ட் என்று நினைத்து உள்ளே போகத் தயங்கி வாசலிலேயே நின்றேன். அது 1847-48இல் தானிய வியாபாரத்துக்காகக் கட்டியது. ஊர்ப் பெரியவர்கள் இன்னும் கார்ன் எக்ஸ்சேஞ்ச் என்றுதான் சொல்கிறார்கள். விவசாயி ஒரு சின்னப் பையில் கோதுமையோ பார்லியோ மாதிரிக்குக் கொண்டுவருவார், வியாபாரி உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துப் பார்ப்பார், ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார், விலை படிந்தால் மூட்டைகள் பிறகு வண்டியில் போகும். தானியத்தின் நிறம் ஏமாற்றக்கூடாது என்பதற்காக இந்த மாதிரி மண்டபங்களுக்கு மேலிருந்து வெளிச்சம் இறங்கும்படி கூரை போடுவார்கள். 1870களில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக மலிவு விலைக்கு வந்து இறங்க, இங்கிலாந்து விவசாயம் படுத்துவிட்டது, நாடு முழுக்க இந்த மண்டபங்களுக்கு வேலை குறைந்துபோனது. எத்தனையோ ஊர்களில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இங்கே 1975இல் நூலகமாக்கினார்கள். வியாபாரிகள் தானியம் கடித்துப் பார்த்த இடத்தில் என் மகள் தரையில் உட்கார்ந்து டைனோசர் புத்தகம் பார்க்கிறாள்.

ஒரு கட்டடம் பிழைப்பது அழகாக இருப்பதால் இல்லை, யாராவது தினமும் அதன் கதவைத் திறந்து மூடுவதால்தான் என்பது என் எண்ணம். உங்கள் ஊரில், அல்லது இந்த ஊரிலேயே, அப்படி ஒரு கட்டடம் இருந்தால் எழுதுங்களேன்.

இரவுப்பணி எழுதியது:

நல்ல வேளை இதை எழுதினீர்கள் அண்ணா. நானும் இந்த ஊர்தான். கேம்பிரிட்ஜில் இரவு வேலை முடித்து வந்து இறங்கும்போது சந்தைச் சதுக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள், செவ்வாய், சனி தவிர. அந்த இரண்டு நாளும் விடிவதற்குள் சந்தைக்காரர்கள் கம்பி நட்டு டார்ப்பாய் கட்டிக்கொண்டிருப்பார்கள். நான் நடுவில் இருக்கும் கல் நீரூற்றின் படியில் உட்கார்ந்து வாங்கி வந்த தேநீரைக் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

ரொம்ப நாளாக அதை ஏதோ கல்லறை நினைவுச் சின்னம் என்று நினைத்திருந்தேன். அப்புறம் நூலகத்தில் படித்தேன். 1862இல் லண்டனில் நடந்த சர்வதேசக் கண்காட்சியில் வைத்திருந்த நீரூற்று அது. 1863இல் வேல்ஸ் இளவரசருக்குக் கல்யாணம் நடந்ததன் நினைவாக, ஊரில் வங்கி நடத்திய கிப்சன் குடும்பம் வாங்கி ஊருக்குக் கொடுத்திருக்கிறது. வடிவமைத்தவர் ஜான் பிரான்சிஸ் பென்ட்லி, பிற்காலத்தில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்தைக் கட்டியவர். அவருடைய இளவயது வேலை நம் காய்கறிச் சந்தைக்கு நடுவில் நிற்கிறது, ஜனங்கள் அதன்மேல் பையை வைத்துவிட்டு சில்லறை தேடுகிறார்கள்.

குடிநீர் ஊற்று கொடுப்பது அந்தக் காலத்தில் வெறும் அலங்காரமாக இருந்திருக்காது. அசுத்தத் தண்ணீரால் காலரா பரவுகிறது என்று லண்டனில் டாக்டர் ஜான் ஸ்நோ காட்டியது 1854இல். பத்து வருடம்கூட ஆகவில்லை. தண்ணீரை நம்பிக் குடிக்க ஒரு இடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்குப் புரிகிறது.

புதுமனை எழுதியது:

நீங்கள் இருவரும் சொல்வதைப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒன்றைக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த அழகுக்கெல்லாம் விலை யார் கொடுக்கிறார்கள்? நான் அங்கே வீடு தேடிப் பார்த்துவிட்டு முடியாமல் வேறு ஊரில், ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட குடியிருப்பில் இருக்கிறேன். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். கடை இல்லை, பெஞ்சு இல்லை, பிள்ளைக்கு வழி சொல்ல ஒரு அடையாளம் இல்லை. "நீல நிறக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் திரும்பு" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவுக்கு அங்கே முன்பு இருந்த பழத்தோட்டத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள், தோட்டத்தில் ஒரு மரத்தைக்கூட விடவில்லை. பழைய ஊரைப் போற்றுவதோடு, புதிதாகக் கட்டும்போது ஏன் ஒரு நீரூற்றுகூட வைக்க மாட்டேன் என்கிறார்கள் என்பதையும் பேசுவோம்.

வடமராட்சியான் எழுதியது:

தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் எசெக்ஸுக்கு வடக்கே சஃபோக்கில் ஒரு சின்ன ஊரில் பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். எங்கள் கடைச் சுவரிலேயே ஒரு தபால் பெட்டி பதித்திருக்கிறது, முகப்பில் விக்டோரியா மகாராணியின் எழுத்துகள். மகாராணி இறந்தது 1901இல், ஆகவே பெட்டிக்கு நூற்று இருபது வயது தாண்டிவிட்டது. கடிதம் போடும் வாயின் கீழ் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், நடுவில் மட்டும் வழவழவென்று தேய்ந்து லேசாகப் பள்ளமாக இருக்கும். அத்தனை கை பட்டிருக்கிறது. பிரித்தானியத் தபால் பெட்டி முதலில் வந்தது 1852இல் சேனல் தீவுகளில். முதலில் பச்சை நிறம்தான் பரவலாக அடித்தார்கள், புல்லோடும் மரத்தோடும் கலந்துபோய் சனம் கண்டுபிடிக்க முடியாமல் அலைந்தார்களாம், 1874இலிருந்துதான் சிவப்பு அடிக்கத் தொடங்கினார்கள்.

கடைக்கு எதிரில் சிவப்பு டெலிபோன் கூண்டு. 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்கென்று ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வரைந்த மாதிரி. வடிவான சாமான். இப்போது அதில் டெலிபோன் இல்லை. இந்தக் கூண்டுகளை ஒரு பவுணுக்கு ஊர்ச் சபைகளிடம் கொடுக்கும் திட்டம் வந்தபோது எங்கள் ஊரும் வாங்கியது. நின்றுபோன இதயத்தை அதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவியை உள்ளே மாட்டியிருக்கிறார்கள். அதன் சாவி எண்ணை எங்கு கேட்க வேண்டும் என்று கடைக்கு வரும் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். தம்பி மேட்டுத்தெரு சொன்னதுதான், வேலை இருந்தால் நிற்கும்.

எங்கள் கடையும் பழைய பேக்கரிதான். பின்சுவரில் செங்கல் அடுப்பின் வாய் இன்னும் இருக்கிறது, அதற்குள்தான் அரிசி மூட்டை அடுக்குகிறேன். காலையில் பத்திரிகை வாங்க வருகிற கிழவர் ஒருவர், சின்ன வயதில் அதே வாயிலிருந்து சூடாகப் பாண் வாங்கிப் போன கதையை வாரம் ஒருமுறையாவது கதைப்பார். எனக்கு அலுக்கவில்லை.

மேட்டுத்தெரு எழுதியது:

அண்ணை, அந்த அடுப்புக்குள் அரிசி மூட்டை, படம் பிடித்த மாதிரி கண்ணில் நிற்கிறது.

புதுமனை, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. விலை உண்மை, நானும் வாடகைதான். ஆனால் அடையாளம் என்று சொன்னீர்களே, அதற்கு ஒன்று. டெப்டன் சாலையில் ஒரு செங்கல் தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் இருக்கிறது, 1913இல் கட்டியது. யாரும் போட்டோ எடுக்க வருவதில்லை. ஊருக்குத் தண்ணீர் அழுத்தம் வேண்டும் என்று கட்டியது, அவ்வளவுதான். ஆனாலும் செங்கலை வளைத்து, விளிம்பு வைத்து, கவனமாகக் கட்டியிருக்கிறார்கள். காரில் வரும்போது அது தெரிந்ததும் என் மகள் வீடு வந்துவிட்டது என்று செருப்பை மாட்ட ஆரம்பித்துவிடுவாள். தண்ணீர்த் தொட்டிக்கே அந்த அக்கறை காட்ட முடிந்தவர்களுக்குப் பிறகு வந்தவர்கள், இருநூறு வீட்டுக்கு ஒரு பெஞ்சு போட மறுப்பது தவறுதான். அதை நானும் உங்களோடு சேர்ந்து சொல்கிறேன்.

தேநீர்க்கடை மூலை எழுதியது:

ஊர்ப் பெயர்க் கதையை யாரும் சொல்லவில்லையே. குங்குமப்பூதான் சாஃப்ரன். அதற்கு முன்னால் சிப்பிங் வால்டன், அதாவது சந்தை வால்டன். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டில் சுற்றுவட்டார வயல்களில் குங்குமப்பூ பயிரிட்டு, சாயத்துக்கும் மருந்துக்கும் விற்றிருக்கிறார்கள். ஒரு கிராமுக்கு நூற்றைம்பது பூவாவது பறிக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் மூன்று இழை. சர்ச்சுக்குள் அந்தப் பூவைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், தேடிப் பாருங்கள்.

சர்ச் கோபுரத்தின் ஊசிமுனை 1832இல் வைத்தது, 193 அடி. எசெக்ஸிலேயே பெரிய ஊர்ச் சர்ச் இதுதான். 1647இல் உள்நாட்டுப் போர் முடிந்த சமயம், சம்பள பாக்கி கேட்டு ராணுவ அதிகாரிகளும் பாராளுமன்றத்திலிருந்து வந்தவர்களும் கூடிப் பேசியது இந்தச் சர்ச்சுக்குள்தான். பிரார்த்தனைக்கு மட்டும் என்று வைத்திருந்தால் இவ்வளவு நடந்திருக்காது.

இரவுப்பணி எழுதியது:

சந்தையைச் சுற்றியுள்ள குறுகிய சந்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கசாப்புக்காரர் வரிசை, துணி வியாபாரிகள் வரிசை என்று இன்னும் பெயர் இருக்கிறது. முதலில் தற்காலிகமாகப் போட்ட தட்டிக் கடைகள், அப்படியே கூரை போட்டு, சுவர் வைத்து, மாடி எடுத்துத் தெருவாகிவிட்டன. அதனால்தான் இரண்டு பேர் குடை விரித்து எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஒன்று, இதைச் சொல்லாமல் சந்தைச் சதுக்கத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. இப்போது பூட்ஸ் மருந்துக்கடை இருக்கும் இடத்தில் ரோஸ் அண்ட் கிரௌன் என்ற பழைய விடுதி இருந்தது. 1969 டிசம்பர் 26 அதிகாலையில், கிறிஸ்துமஸுக்குத் தங்க வந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்து 11 பேர் இறந்துபோனார்கள். 1971இல் வந்த தீத்தடுப்புச் சட்டத்துக்கு இந்த விபத்தும் ஒரு காரணம். விடுதிகளுக்குத் தீப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. நாங்கள் ஆஸ்பத்திரியில் வருடா வருடம் தீ ஒத்திகை செய்கிறோம். அந்த மருந்துக்கடையில் மாத்திரை வாங்க நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கல்தச்சன் எழுதியது:

இவ்வளவு பேசிவிட்டு சுவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்கிறேன், பதினோரு வருடம். எசெக்ஸ், சஃபோக் பகுதியில் கட்டடக் கல் கிடைக்காது. கீழே சீமைச்சுண்ணாம்புப் பாறையும், அதற்குள் உருண்டை உருண்டையாக சக்கிமுக்கிக் கல்லும்தான். அதனால் கோட்டைக்கும் சர்ச்சுக்கும் சக்கிமுக்கிக் கல், வீடுகளுக்கு ஓக் மரச்சட்டம். சட்டத்துக்கு நடுவில் குச்சி பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். அந்தப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சீப்பு மாதிரி ஒரு பலகையால் இழுத்தால் கோலம் விழும். கையாலேயே உருவமும் எடுப்பார்கள். இங்கே பார்ஜெட்டிங் என்பார்கள், நம் ஆட்கள் சுதை வேலை என்று சொல்வதற்கு ரொம்பப் பக்கம்.

இதில் பெரிய வேலை, சர்ச் தெருவில் பழைய சன் விடுதி. 1676 என்று சுவரிலேயே பதித்திருக்கிறது. இரண்டு பேர் சண்டைக்கு நிற்கிற மாதிரி உருவம். டாம் ஹிக்கத்ரிஃப்ட் என்ற வண்டிக்காரன், பீர் பீப்பாய் ஏற்றிக்கொண்டு ராட்சதனின் நிலத்தில் குறுக்கு வழியில் போக, ராட்சதன் மறிக்க, இவன் வண்டி அச்சைக் கழற்றித் தடியாகவும் சக்கரத்தைக் கேடயமாகவும் வைத்துச் சண்டை போட்டான் என்று கதை. அந்தச் சுவருக்கு முன்னால் நான் கால் வலிக்கும்வரை நின்றிருக்கிறேன். பூசியவரின் கட்டைவிரல் எங்கே அழுத்தியது, எங்கே இழுத்தது என்று தெரிகிற மாதிரி இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். இந்தச் சுவர்கள் மூச்சு விடும். மழையில் கொஞ்சம் நனையும், வெயிலில் காய்ந்துவிடும். இதன்மேல் சிமெண்ட் பூசினால் எங்கேயாவது ஒரு வெடிப்பு விழுந்து தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. நாலு வருடத்தில் உள்ளே ஓக் கட்டை பஞ்சாகிவிடும். இதுவரை நான் திறந்து பார்த்த கெட்டுப்போன சட்டங்களில் பாதிக்கு மேல் சிமெண்டால் கெட்டவை. முந்நூறு வருட மழையைத் தாங்கிய கட்டையை, பாதுகாக்கிறேன் என்று சொல்லியே கொன்றுவிடுகிறார்கள்.

மேட்டுத்தெரு எழுதியது:

கல்தச்சன் அண்ணா, வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டீர்கள். எங்கள் வீடு அப்படிப்பட்ட பழைய மரச்சட்ட வீடுதான். தெருப் பக்கத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஏதோ பூசியிருக்கிறது, எங்களுக்கு முன்னால் யாரோ ஒரு ஒப்பந்தக்காரர் செய்தது. உள்பக்கம் மழைக்காலம் வந்தால் வால்பேப்பர் உப்பிக்கொள்கிறது, அலமாரியில் வைத்த துணி நாறுகிறது. நாங்கள் குளிரால் என்று நினைத்து ஹீட்டர் போட்டுக்கொண்டிருக்கிறோம். அது சிமெண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கல்தச்சன் எழுதியது:

விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். சுண்ணாம்பு என்றால் சத்தம் மந்தமாக, மெத்தென்று இருக்கும். சிமெண்ட் கணீரென்று கேட்கும், சில இடத்தில் உள்ளே காலியாக இருக்கிற மாதிரி ஒலிக்கும், அங்கே அது கழன்று நிற்கிறது என்று அர்த்தம். நீங்களாக எதையும் சுரண்ட வேண்டாம். வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால் கவுன்சில் அனுமதியும் வேண்டும், அனுமதியில்லாமல் இந்த மாதிரிக் கட்டடங்களை மாற்றுவது இந்த நாட்டில் குற்ற வழக்கு. கவுன்சிலில் இதற்கென்றே ஒரு அதிகாரி இருப்பார், போன் செய்தால் பொறுமையாகப் பேசுவார்கள்.

தேநீர்க்கடை மூலை எழுதியது:

அருங்காட்சியகத்தை மறந்துவிட்டோம். 1835இல் திறந்தது. அங்கே பஞ்சடைத்த யானை ஒன்று இருந்தது. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் இந்திய அம்பாரி ஒன்றை வைத்துக் காட்ட யானை வேண்டும் என்று தேடி, கடைசியில் இங்கிருந்துதான் கொண்டுபோனார்கள். ஆனால் அது ஆப்பிரிக்க யானை. இந்திய அம்பாரிக்குக் கீழே அவ்வளவு பெரிய காது. நம்மில் யாராவது அன்று அங்கே நின்றிருந்தால் முதல் பார்வையிலேயே சொல்லியிருப்போம். யானை இப்போது இல்லை.

வடமராட்சியான் எழுதியது:

ரயில் எப்படிப் போகிறது அங்கே? மனைவியோடு ஒரு நாள் வரலாம் என்று நினைக்கிறோம்.

மேட்டுத்தெரு எழுதியது:

ஆட்லி எண்ட் ஸ்டேஷனில் இறங்க வேண்டும் அண்ணை, ஊருக்கு இரண்டு மைல். பஸ் இருக்கிறது. ஊருக்குள்ளேயே 1865இலிருந்து ஒரு கிளைப்பாதை இருந்தது, 1964இல் மூடிவிட்டார்கள். பழைய ஸ்டேஷன் பக்கத்தில் ரயில்வே ஆர்ம்ஸ் என்ற பப் மட்டும் பெயரைச் சுமந்துகொண்டு நின்றது, அதுவும் மூடிக் கிடந்தபோது ஊர்க்காரர்களே பங்கு போட்டு வாங்கிவிட்டார்கள். சனிக்கிழமை வாருங்கள், சந்தை இருக்கும்.

புதுமனை எழுதியது:

நானும் பையனும் போன சனிக்கிழமை போய்விட்டு வந்தோம். பொதுத்திடலில் இருக்கும் புல் சுழல்பாதையில் அவனை விட்டேன். கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் நடை, வேலி எதுவும் கிடையாது, புல்லில் வெட்டிய கோடு மட்டும்தான், நினைத்தால் குறுக்கே தாண்டிவிடலாம். 1699லேயே ஊர்க் கணக்கில் இதைப் பற்றிக் குறிப்பு இருக்கிறதாம். அவன் ஒரு இடத்திலும் தாண்டவில்லை. நடுமேட்டுக்குப் போய் நின்று கையை ஆட்டினான். இரவுப்பணி அக்கா சொன்ன படியில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டோம்.

எங்கள் குடியிருப்புக்கு ஒரு பெஞ்சும் ஒரு குடிநீர்க் குழாயும் கேட்டு ஊர்ச் சபைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதினாலு வீட்டில் கையெழுத்து வாங்கியாயிற்று.

இரவுப்பணி எழுதியது:

எங்கள் வீட்டில் இரண்டு பேர் உங்கள் பகுதியில் வேலை செய்கிறோம், எங்கள் கையெழுத்து செல்லுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மேட்டுத்தெரு எழுதியது:

சுவரைத் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. வீட்டுக்காரர் முதலில் தயங்கினார், கல்தச்சன் அண்ணா எழுதியதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன், கவுன்சில் அதிகாரியிடம் பேசி அனுமதி கேட்டு, நேற்று ஒரு ஆளைக் கூட்டிவந்தார். மூலையில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் சிமெண்டை எடுத்தார்கள். கீழே பழைய சுண்ணாம்பு அப்படியே இருக்கிறது, கை வைத்தால் ஈரமாக, வெண்ணெய் நிறத்தில். உடைந்த விளிம்பில் பழுப்பு மயிர் நீட்டிக்கொண்டிருந்தது, மாட்டு மயிராம், பூச்சு வெடிக்காமல் இருக்கக் கலந்ததாம். என் மகள் ஒரு மயிரை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. ஓக் கட்டையில் ஆணியை அழுத்திப் பார்த்துவிட்டு அந்த ஆள், கீழே ஒரு அடி கெட்டுப்போயிருக்கிறது, மேலே நல்லதாக இருக்கிறது என்றார். வசந்த காலத்தில் வேலை ஆரம்பம்.